ஏழு போர்ஷன், இரண்டு நாய், ஒரு பூனை

பையனின் பனியன் முழுக்க ரத்தம். அவன் தூக்கி வந்த நாய் தெரு நாய்களோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கும் என்று நினைத்துக் காயத்தைத் தேடினேன். காயம் எதுவும் இல்லை. வலது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. மேசைமேல் கிடத்தியதும் இடது மூக்கிலும் ஆரம்பித்தது.

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பதினாறு வருடமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். மூக்கில் ரத்தத்தோடு ஒரு நாய் வந்தால் என்னவாக இருக்கும் என்று கை தொடுவதற்கு முன்பே மனம் சொல்லிவிடும். நோயை முதல் நாளே கண்டுபிடித்தாயிற்று. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் நாய் ஏறக்குறையச் செத்துப் பிழைத்தது. பக்கத்துப் போர்ஷன் பூனை ஒன்று, நான் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியால் உயிருக்குப் போராடியது. அது எப்படி நடந்தது என்பதை எழுதலாமா என்று வீட்டாரிடம் கேட்டேன். ஆட்களின் பெயர் வேண்டாம் என்றார்கள். நாயின் பெயரைப் போட்டால் பரவாயில்லையாம்.

முதல் நாள்

பெயர் டைசன். பையனின் தாய்மாமன் ஒரு காலத்தில் குத்துச்சண்டை ஆடியவர். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு மாமன் இல்லாத வீடு குறைவு. அவர் வைத்த பெயர். நான்கு வயது ஆண், லாப்ரடார் கொஞ்சம் கலந்த நாட்டு நாய், எடை 20 கிலோ. பெயருக்கேற்ற குணம் மட்டும் கிடையாது. ஊசியைக் கண்டால் பையனின் அக்குளுக்குள் மூஞ்சியைச் செருகிக்கொள்ளும்.

"அஞ்சு நாளா சோறு தொடல சார். பொறை குடுத்தா மோந்து பாத்துட்டு வச்சிடுது" என்றார் அம்மா. டீக்கடைப் பொறையை ஒரு வட சென்னை நாய் வேண்டாம் என்றால் விஷயம் பெரிது என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் மருந்துக்கடையில் கேட்டு, மனிதர்கள் போடும் காய்ச்சல் மாத்திரை ஒன்றில் பாதியும் கொடுத்திருக்கிறார்கள். எந்த மாத்திரை என்று அவர்களுக்கு நினைவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். பாராசிட்டமால் நாயைவிடப் பூனைக்கு மோசம். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

காய்ச்சல் 104.2 டிகிரி. நாய்க்கு 101லிருந்து 102.5 வரை சாதாரணம். ஈறு வெளுத்திருந்தது. அடிவயிற்றில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. காதைத் திருப்பினேன். மடிப்புக்குள் ஐந்தாறு உண்ணிகள் ரத்தம் குடித்து ஊதி, ஆமணக்கு விதை மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. லத்தீன் மொழியில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே சொல்தான். பார்த்தவர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 38,000. குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 9. விரைவுப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு பளிச்சென்று விழுந்தது. எர்லிக்கியா கேனிஸ், உண்ணி கடித்து நாய்க்கு வரும் கிருமி. நாங்கள் உண்ணிக் காய்ச்சல் என்றே சொல்வோம். ஆனால் செய்தித்தாள்களில் மனிதர்களுக்கு வருவதாகப் படிக்கும் உண்ணிக் காய்ச்சல் வேறு. அது ஸ்கிரப் டைஃபஸ், அதைப் பரப்புவது கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம் பருவம். இரண்டுக்கும் ஒரே பெயர் புழங்குவதால் நாய்க்குக் காய்ச்சல் என்றதும் வீட்டில் எல்லோரும் தங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

எர்லிக்கியா நமக்குப் புதிது இல்லை. 1935இல் அல்ஜீரியாவில் முதலில் கண்டுபிடித்தார்கள். 1944லேயே தென்னிந்திய நாய்களில் இது இருப்பதைப் பதிவு செய்தார் முதலியார் என்ற ஆய்வாளர். ஆனாலும் உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது வியட்நாம் போருக்குப் பிறகுதான். அங்கே அமெரிக்கப் படையின் மோப்ப நாய்கள் இருநூறுக்குமேல் மூக்கில் ரத்தம் வடிந்தே செத்தன. ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் கிருமி இது. முதல் சில வாரம் காய்ச்சல், சோர்வு. அதில் தப்பிய நாய் பார்வைக்கு நன்றாகிவிடும். கிருமி மட்டும் உள்ளே மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், சத்தமில்லாமல் இருக்கும். சிலவற்றில் கடைசியாக எலும்பு மஜ்ஜையையே சுருட்டிவிடும். இந்த நடுக்கட்டம் இந்தக் கதைக்கு முக்கியம், பின்னால் வருகிறேன்.

மருந்து மலிவானது. டாக்சிசைக்ளின், 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, 28 நாள். 56 மாத்திரை. சோற்றோடு கொடுங்கள், பாலோடு வேண்டாம், பால் மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்று சொன்னேன். உண்ணிக்கு உடம்பில் அடிக்கும் ஒரு ஸ்ப்ரே எழுதினேன். ஏழாம் நாள் வந்து ரத்தம் பார்க்கச் சொன்னேன்.

என் கேஸ் சீட்டில் நாயின் பெயர், வயது, இனம், எடை, தடுப்பூசி, உணவு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அன்றைக்கு எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். அந்த நாய் எங்கே படுக்கிறது, பக்கத்தில் யார் வீட்டில் என்ன வளர்க்கிறார்கள் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. நானும் கேட்கவில்லை.

நாற்பத்தேழாம் நாள்

ஏழாம் நாள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. வராவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம்.

47ஆம் நாள் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நிற்கவில்லை. ஈறு காகிதம்போல் இருந்தது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றார் அம்மா. கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் மிச்ச மாத்திரைகளையும் எடுத்து வந்திருந்தார். மேசைமேல் கொட்டினேன். நான்கு அட்டை, பிரிக்காமலே.

எட்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். "மூணாம் நாளே எழுந்து ஓட ஆரம்பிச்சிடுச்சு சார். எட்டாம் நாள் மீன் தலைய ஒரு கை பாத்துச்சு. நல்லாத்தான ஆயிடுச்சு, எதுக்கு சும்மா மருந்தப் போட்டு வயித்தக் கெடுக்கணும்னு..." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த மருந்தின் வினையே அதுதான். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கி, நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடும். 28 நாள் என்று நான் சொன்னேனே தவிர, மூன்றாம் நாளே நன்றாகத் தெரியும், அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லவில்லை. இப்போது அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

தட்டணுக்கள் 21,000, ஹீமோகுளோபின் 5. என் இடத்தில் வைத்துப் பார்க்கிற நிலை இல்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். 1903இல் தொடங்கிய கல்லூரி. வட சென்னையில் நாய், பூனை, ஆடு, மாடு எதற்கு என்ன வந்தாலும் கடைசியில் போய் நிற்கிற இடம். நாய்களுக்கான ரத்த வங்கியும் அங்கே உண்டு. ரத்தம் ஏற்றினார்கள். நாய்க்கு ஒரு வசதி இருக்கிறது: வேறு வகை ரத்தத்தை எதிர்க்கும் பொருள் பிறவியிலேயே அதன் உடம்பில் பெரிதாக இருக்காது. அதனால் முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் சிக்கல் வராது. பூனைக்கு அந்தச் சலுகை இல்லை, முதல் தடவையே வகை பார்த்தாக வேண்டும்.

இரண்டு நாள் கழித்து டைசன் தன் காலால் நடந்து வந்தது. மாத்திரையை மறுபடி முதல் நாளிலிருந்து 28 நாளுக்கு எழுதினேன். உடம்பில் தேடினால், பெரிதும் சிறிதுமாகப் புதிய உண்ணிகள். நான் எழுதிய ஸ்ப்ரே வீட்டில் பாதி பாட்டில் இருக்கிறது என்றார்கள்.

அப்போதுதான் அந்த ஒரு வரியைச் சொன்னேன்.

"நாய்க்கு மட்டும் அடிச்சாப் போதாதும்மா. வீட்டுக்கும் மருந்து அடிச்சிடுங்க."

சரியான யோசனைதான். ஆனால் என்ன மருந்து, எவ்வளவு, எப்படி, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எதுவும் சொல்லவில்லை, கேட்கவில்லை. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். அது காரணம் ஆகாது.

ஆயாவின் பூனை

மூன்றாம் நாள் இரவு எட்டரை மணிக்குக் கடையை மூடப்போகும்போது ஒரு ஆயா வந்தார். புடவைத் தலைப்பில் ஒரு பூனை. தலைப்புக்கு வெளியே நீட்டியிருந்த வால் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

மேசைமேல் வைத்தபோது காதுகள் தனியாகத் துடித்தன. முன்கால்களைச் சுடுசாதம் மிதித்த மாதிரி உதறிக்கொண்டே இருந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாக இறங்கியது. உடம்பு கொதித்தது, ஆனால் அது காய்ச்சல் இல்லை. தசைகள் விடாமல் நடுங்கினால் அந்தச் சூடு வரும். ரோமத்தில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை.

"இன்னா தடவுனீங்க ஆயா?"

"நம்ம டைசனுக்கு உண்ணின்னு டாக்டர் வீட்டுக்கு மருந்து அடிக்கச் சொன்னாராம்ல. மாட்டுக்குப் போடுற மருந்து ஒண்ணு வாங்கியாந்தாங்க. வாளித் தண்ணில கலந்து தரையெல்லாம் தொடச்சாங்க. பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அம்மு காதுலயும் ஒரு உண்ணியப் பாத்தேன், அதான் பஞ்சுல தொட்டு அதுக்கும் தடவி வுட்டேன்."

டாக்டர் யார் என்று ஆயாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

மாட்டு உண்ணிக்கு விற்கிற அந்த மருந்துகள் பலவும் பைரித்ராய்டு வகை. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் என்று பெயர் இருக்கும். லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லி மட்டும் கலக்க வேண்டிய அடர்த்தியில் வரும். மாடும் நாயும் ஓரளவு தாங்கும். பூனை தாங்காது. இந்த மாதிரிப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஒரு வேலையைப் பூனையின் கல்லீரல் மிக மந்தமாகத்தான் செய்யும். பாராசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் காரணம் அதே குறைதான். போதாததற்குப் பூனை நாளெல்லாம் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி. தோலில் தடவியது வயிற்றுக்கும் போகும். நாய்க்கென்றே விற்கிற சில உண்ணிச் சொட்டு மருந்துகளிலும் இதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் இருக்கும். அந்த நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் அதே கதி நேரலாம்.

இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. உடம்பில் இருப்பதைக் கழுவ வேண்டும், நடுக்கத்தை அடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். முதலில் நடுக்கத்துக்கு ஊசி போட்டேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவ சோப்பைப் போட்டுக் குளிப்பாட்டினோம். நாய் ஷாம்பு இருந்தது. எண்ணெய்ப் பசையை எடுக்கப் பாத்திர சோப்புக்கு நிகர் இல்லை. வெந்நீர் கூடாது, தோலின் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே போகும். குளிர்ந்த தண்ணீரும் கூடாது. மூன்று தடவை அலசினோம். ஆயா முழங்கை வரை நனைந்து, அம்முவின் தலையைத் தண்ணீருக்குமேல் பிடித்துக்கொண்டு, "நக்காதடி, நக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்திரி ஒன்றரை மணி வரை அங்கேயே இருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்றால், "போய் இன்னா பண்ணப்போறேன்" என்றார்.

இரண்டாம் நாள் மாலை நடுக்கம் நின்றது. மூன்றாம் நாள் காலை, காசிமேட்டிலிருந்து வந்த சங்கரா மீன் தலையை வைத்தபோது முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு கடி கடித்தது. நான் டைசனின் சீட்டை எடுத்து, "வீட்டுக்கு மருந்து" என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே "பூனை?" என்று சிவப்பில் எழுதினேன். தாமதமாக வந்த கேள்வி.

அன்று மதியம் அந்த வீட்டுக்குப் போனேன்.

சுவர்

லைன் வீடு. நடுவில் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு போர்ஷன், கடைசியில் பொதுக் குழாயும் இரண்டு கழிப்பறையும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்; இடுப்பு உயரத்துக்குக் கீழே ஈரம் ஏறிக் காரை பெயர்ந்து, செங்கல் இடுக்குகள் பல்போன வாய் மாதிரித் திறந்திருந்தன. டைசன் வீடு நான்காவது. ஆயா ஐந்தாவது. மூன்றாவது போர்ஷனில் பிளாக்கி என்று ஒரு பெட்டை நாட்டு நாய், எட்டு வயது. அப்படி ஒரு நாய் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் தரையைப் பார்க்கவில்லை. நம் வீடுகளில் இருக்கும் பழுப்பு நாய் உண்ணிக்கு ஒரு குணம் உண்டு, அது மேலே ஏறும். டைசன் வீட்டு முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. அட்டையைத் தூக்கினேன். அட்டைக்குப் பின்னால், ஆணியைச் சுற்றி, மிளகு கொட்டி வைத்த மாதிரி உண்ணிகள். ஸ்விட்ச் போர்டு விளிம்பில், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சுவரைத் தொடும் இடத்தில், எங்கே பேனாக் கத்தியை விட்டாலும் வந்தன. "ஐயய்ய, தெனமும் கிழிக்கிற காலண்டரு சார் அது" என்று அம்மா இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

இதைக் கண்ணால் பார்க்காமல் இந்த நோயைப் புரிந்துகொள்ள முடியாது என்று இப்போது நினைக்கிறேன். உண்ணி நாயின் மேல் வாழ்கிறது என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். நாய் அதற்குச் சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். குஞ்சாக ஒரு முறை, அடுத்த பருவத்தில் ஒரு முறை, வளர்ந்த பிறகு ஒரு முறை என்று மூன்று தடவை ஏறி, சில நாள் குடித்துவிட்டு இறங்கிவிடும். தோல் உரிப்பதும் முட்டையிடுவதும் அடுத்த சாப்பாட்டுக்குக் காத்திருப்பதும் சுவரில். வயிறு நிரம்பிய ஒரு பெட்டை உண்ணி நாலாயிரம் முட்டை வரை இட்டுவிட்டுச் சாகும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அதற்கு ஒரு தடை. சென்னையில் அப்படி ஒரு காலமே இல்லை. நாயின் மேல் நமக்குத் தெரிகிற பத்து உண்ணி, சுவரில் இருக்கும் கூட்டத்தில் சாப்பிட வந்த சிலர்.

இன்னொன்று. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு எர்லிக்கியா இருக்காது. தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கு அது போவதில்லை. நோயுள்ள ஒரு நாயைக் குடித்தால்தான் அதற்குக் கிருமி ஏறும், அடுத்த பருவத்தில் வேறொரு நாயைக் கடிக்கும்போது இறங்கும். ஏறிய கிருமியோடு ஐந்து மாதம் வரைகூடச் சுவரில் காத்திருக்க முடியும். அப்படியானால் டைசனுக்குக் கொடுத்தது யார்?

பிளாக்கியின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவர். "எட்டு வருசமா ஒரு ஊசி போட்டதில்ல சார், ஒரு நாள் படுத்ததில்ல. நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது." பிளாக்கி வாலை ஆட்டிக்கொண்டு என் பையை முகர்ந்தது. ரத்தம் எடுத்தேன். தட்டணுக்கள் 82,000. அட்டையில் இரண்டு கோடு. ஒரு கண்ணின் ஓரம் லேசாகப் புகைபடிந்திருந்தது, அதுவும் இதே நோயில் வரக்கூடியது.

அட்டையை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது. அது எதிர்ப்பொருளைக் காட்டுகிறது. நோய் போன பிறகும் பல மாதம் கோடு விழும். ஆனால் தட்டணு எண்ணிக்கையையும் கண்ணையும் சேர்த்துப் பார்த்தால், சத்தமில்லாத அந்த நடுக்கட்டத்தில் பிளாக்கி எவ்வளவோ காலமாக இருந்திருக்கிறது என்பது என் கணிப்பு. நாட்டு நாய் இந்த நோயைத் தாங்கும் என்பது பல சமயம் உண்மை. வராது என்பது உண்மை இல்லை. தாங்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுச் சொந்தக்காரர் வந்துவிட்டார். காலண்டரைப் பார்த்தார். "ரெண்டு நாயையும் எங்கனா கொண்டுபோய் வுட்டுட்டு வாங்க. இல்லன்னா ரெண்டு போர்ஷனும் காலி பண்ணுங்க. புள்ளைங்க இருக்கிற எடம்."

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் போகாது என்பதைச் சொல்லவில்லை. மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் வாங்கவும் அப்போது அதே 50 ரூபாய்தான். கைவிட்டாலும் 50, வளர்த்தாலும் 50. உரிமத்துக்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும், இப்போது மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். பிளாக்கிக்கு இது எதுவும் இல்லை. டைசனுக்குத் தடுப்பூசி மட்டும் இருந்தது. இரண்டு நாய்க்கும் பாக்கி இருந்ததை அந்த மாதமே முடித்தார்கள் என்பதோடு இதை விட்டுவிடுகிறேன்.

சட்டத்தைவிட அவரிடம் எடுபட்டது வேறு. "சரி சார், நாயை அனுப்பிடலாம். சுவத்துல இருக்கிறது எங்க போகும்? வளர்ந்த உண்ணி ஒரு வருசத்துக்கு மேலகூட பட்டினி கிடக்கும். நாய் இருக்கிற வரைக்கும் நாயைத் தேடிப் போகும். நாய் இல்லன்னா இருக்கிறவங்களைக் கடிக்கும்." அவர் காலண்டர் அட்டையை மறுபடி தூக்கிப் பார்த்தார்.

என்ன செய்தோம்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் முறையே தலைகீழ். நாயை அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் உண்ணி மாத்திரை இருக்கிறது. ரத்தத்தில் மருந்து கலந்திருப்பதால், ஏறிக் குடிக்கிற உண்ணி பெரும்பாலும் முட்டையிடும் அளவுக்கு ஊதுவதற்குள் செத்துவிடும். அப்போது நாயே பொறி. சுவரிலிருந்து பசியோடு வருவதெல்லாம் அதன்மேல் ஏறி அங்கேயே முடியும். ஆனால் கிருமி இறங்க உண்ணி ஒட்டிய சில மணி நேரமே போதும் என்பதால், மாத்திரையை மட்டும் நம்பவும் முடியாது. வலிப்பு வந்த சரித்திரம் உள்ள நாய்க்கு இந்த மாத்திரையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு நாய்க்கும் அது இல்லை. விலை கையைக் கடித்தது. டிரெய்லர்காரர் இரண்டு தடவை விலையைக் கேட்டார், மூன்றாம் தடவை பணத்தை எடுத்தார். பிளாக்கிக்கும் 28 நாள் டாக்சிசைக்ளின்.

சுவருக்கு ஆள் வைத்து மருந்து அடித்தோம். மருந்து அதே பைரித்ராய்டு வகைதான். இந்தத் தடவை அளவாக, இடுக்குகளுக்குள். அதற்கு முந்தின நாளே அம்முவும் ஆயாவும் தண்டையார்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நன்றாக உலர்ந்து, தரையைத் துடைத்த பிறகே திரும்ப வரவேண்டும் என்று பேச்சு. முட்டைமேல் மருந்து சரியாக வேலை செய்யாது, அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி, பிறகு இன்னொரு முறை. நடுவில் கொத்தனார் வந்து இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். செலவு வீட்டுச் சொந்தக்காரருடையது. பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன், ஏழு வாடகையின் கணக்கு.

தினமும் உண்ணி பொறுக்கும் வேலையைப் பையனும் நடையில் விளையாடும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். காது மடிப்பு, கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலுக்கு அடியில். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுவத்தியால் சுடுவது எல்லாம் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். செருப்பால் தேய்ப்பதும் கூடாது என்று சொல்லி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு அது போட்டியாகிவிட்டது. நாய்களிலும் சுவரிலும் சேர்த்து முதல் வாரம் 212. மூன்றாம் வாரம் 64. ஆறாம் வாரம் 19. எட்டாம் வாரம் திடீரென்று 31.

எனக்கு உறுத்தியது. போய்ப் பார்த்தால், நடையில் ஒரு கதவில் பூட்டு. ஆறாவது போர்ஷன். குடியிருந்தவர்கள் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, சாமான் உள்ளேயே இருக்கிறது. மூன்று தடவை மருந்து அடித்தபோதும் அந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறோம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் ஏழு என்று எண்ணிக் கேட்கவும் இல்லை. பூட்டைத் திறந்து, சாமானை ஒதுக்கி, அந்தச் சுவரையும் முடித்தோம். பதினோராம் வாரம் பாட்டிலில் இரண்டு.

டைசனின் தட்டணுக்கள், மறுபடி மருந்து தொடங்கிய பதினான்காம் நாள் 1,85,000, இருபத்தெட்டாம் நாள் 2,40,000, மூன்று மாதம் கழித்து 2,60,000. ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் கிடையாது. உண்ணி ஏறினால் திரும்பவும் வரும். பிளாக்கியின் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குமேல் ஏறவில்லை. அதன் மஜ்ஜையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணில் புகை அப்படியே இருக்கிறது. டிரெய்லர்காரர் இப்போதும் "நாட்டு நாய் சார், ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்கிறார், ஆனால் தேதி தவறாமல் கூட்டி வருகிறார். அம்முவுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ரேபிஸ் ஊசி போட்டாயிற்று. கருத்தடைக்குத் தேதி கேட்டால் ஆயா, "பாக்கலாம்" என்கிறார்.

என் கேஸ் சீட்டில் இரண்டு கட்டம் சேர்த்து அச்சடித்திருக்கிறேன். ஒன்று, வீட்டில், அக்கம்பக்கத்தில் உள்ள மற்ற பிராணிகள். இன்னொன்று, படுக்கும் இடம், சுவர். நிரப்ப நேரம் ஆகிறது. வெளியே காத்திருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

போன வாரம் ஆறாவது போர்ஷனுக்குப் புதுக் குடித்தனம் வந்திருக்கிறதாம். கையில் ஒரு நாய்க்குட்டி. சாமான் இறக்குவதற்கு முன்பே வாசலில் வழிமறித்து, குட்டியின் காதைத் திருப்பிப் பார்த்தது ஆயாதான் என்று பையன் சொன்னான்.